பையிலேயே இருந்துவிட்ட லினன் சட்டை

என் ஆசை மச்சாள் சாரதா,

சுகமா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை போகிறது. உம்மிடம் இனி அதைக் கேட்கலாமா, தெரியவில்லை. கரம்பொனில் காலை எட்டு மணிக்கே முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். நான் இருக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்து நாலு வரி பின்னுகிறேன். எழும்பிக் குசினிக்குப் போகிறேன், எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பி வருகிறேன், பின்னிய நாலு வரியையும் உருவி விடுகிறேன். நீர் போய் மூன்று மாதமாகிறது. ஒரு சட்டைகூட முடிக்கவில்லை.

உமக்கு நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தெரியுமோ? பார்த்துக்கொண்டுதான் இருந்தீரோ?

இதை வேறு ஆட்களும் வாசிக்கக்கூடும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் சொந்தக்காரர் இல்லை. நீர் நெடுந்தீவு, சைவம். நான் கரம்பொன், வேதக்காரி. புற்றுநோய் வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில், அவ்வளவுதான். இருவருக்கும் ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டு, பிறகு கதிர்ச் சிகிச்சை. மூன்றாம் கிழமை தோல் கறுத்து உரியத் தொடங்கியது. சட்டையின் தையல் பட்டாலே உயிர் போனது. நைலோன் கலந்த துணி வியர்வையில் ஒட்டி, கழற்றும்போது தோலோடு வந்தது. நான் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன். நீர் அழவில்லை, கோபப்பட்டீர்.

"ஆம்பிளையள் வெக்கைக்கு வெறும் மேலோடை திரியினம். நாங்கள் மட்டும் ஏன் காணும் மூடிக்கொண்டு கிடக்கவேணும்?" வாட்டுக்கே கேட்டது.

ஜேர்மனியில் இருக்கிற உம்முடைய தங்கச்சி, பொழுது போகட்டும் என்று அனுப்பிய நூல் பந்துகள் உம்முடைய பையில் கிடந்தன. பாதி பருத்தி, பாதி லினன். அன்றைக்கே தொடங்கினீர். மொத்தமான ஊசி, தளரத் தளரப் பின்னல். பக்கத் தையல் உறுத்தக்கூடாது என்று, வயரால் இணைத்த வட்ட ஊசியில் குழாய் மாதிரிச் சுற்றிச் சுற்றிப் பின்னினீர். சட்டைக்குக் கை வைக்கவில்லை, அக்குளில் அகலமாக விட்டீர். லினன் இழுபடாத நூல், விரலை நோகப் பண்ணும். முடிந்த சட்டை சாக்கு மாதிரி விறைத்து நின்றது. நான் சிரித்தேன். நீர் அதைத் தோய்த்தீர், காய வைத்தீர், மறுபடி தோய்த்தீர். நாலாம் தரம் காய்ந்த பிறகு என் தலைக்குள்ளால் போட்டுவிட்டீர். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் தோலில் ஒரு துணி பட்டு நோகவில்லை. பின்னலுக்குள்ளால் காற்று வந்தது.

"இது உமக்கு. எனக்கு இனித்தான் பின்னவேணும்" என்றீர்.

பள்ளிக்கூடத்தில் பழகியதை நினைவுபடுத்திக்கொண்டு நானும் ஊசியைப் பிடித்தேன். வாட்டில் கேட்ட எல்லாருக்கும் இருவருமாகப் பின்னிக் கொடுத்தோம். உம்முடையது மட்டும் தள்ளிக்கொண்டே போனது. இடையில் எனக்குக் காய்ச்சல் கூடி, தனி அறைக்கு மாற்றினார்கள். சொந்தக்காரர் மட்டுந்தான் கூட நிற்கலாம் என்றார் நேர்ஸ். நீர் கண்ணும் வெட்டாமல் சொன்னீர்: "நான் இவவின்ரை மச்சாள்." நேர்ஸ் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், உம்முடைய பொட்டைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார்.

பிறகு எனக்குக் குணமாகியது. உமக்கு நோய் திரும்பி வந்தது. ஏன் அப்படி, யாரைக் கேட்பது?

இனி மருந்தில்லை என்று உம்மை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, குறிகட்டுவான் துறையில் வள்ளம் ஏறி நான் வந்தேனே, அன்றைக்குத்தான் உம்முடைய சட்டையை முடித்து வைத்திருந்தீர். வைக்கோல் நிறம். அதை மடித்து என் கையில் தந்தீர்.

"மச்சாள், நான் போனால் கலியாணக் கூறைச் சீலையைத்தான் சுத்துவினம். அந்தச் சரிகை என்ரை தோலிலை பட எனக்கு ஏலாது. இதைப் போட்டு, மேலாலை ஒரு நூல் சீலையைப் போர்த்து விடும். நீர் நிண்டு சொன்னாச் செய்வினம்."

ஓம் என்றேன். வேறென்ன சொல்வேன்?

செய்தி வந்த அன்று முதல் வள்ளத்தில் வந்துவிட்டேன். சட்டை பைக்குள் இருந்தது. உம்மைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். உம்முடைய புருஷனின் தமக்கை கூறைச் சீலையை உதறி விரித்துக்கொண்டு நின்றா. அறை முழுக்க உங்கள் ஆட்கள். வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். "என்ன பிள்ளை, சும்மா நிக்கிறீர்? இந்த முந்தானையைப் பிடியும்" என்றா அவ. நான் பிடித்தேன், சாரதா. இடுப்பில் கொய்யகம் மடித்துக் கொடுத்ததும் நான்தான். சரிகைக் கரை உம்முடைய தோளில் பட்டபோது என் தோல் எரிந்தது. வேதக்காரி நான், உங்கள் சடங்குக்குள் எப்படி வாய் வைப்பது என்று அப்போது எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அது நியாயம் இல்லை, பயம்.

அதற்குப் பிறகு அந்தப் பையை வீட்டில் வைத்துவிட்டு எங்கேயும் போக முடியவில்லை. சந்தைக்கும் கொண்டு போனேன், பூசைக்கும் கொண்டு போனேன். ஒரு நாள் என் வீட்டுக்காரர் பொறுக்க மாட்டாமல் கேட்டார்: "இதைத் தூக்கிக்கொண்டு ஏன் அலையிறாய்? போய் அந்த மனுசனிட்டை உள்ளதைச் சொல்லன்."

போன கிழமை உம்முடைய வீட்டுக்கு வந்தேன். உம்முடைய புருஷன் தருமு அண்ணை தொட்டியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு நின்றார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லி, சட்டையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. வாளியைக் கீழே வைத்தார்.

"எனக்கும் சொன்னவ" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"எனக்கும் சொன்னவ, பிள்ளை. அக்காவை எதிர்த்து நான் ஒரு நாளும் கதைச்சதில்லை. நீர் சொல்லுவீர் எண்டு உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டு வாசலிலை நிண்டனான்."

மாடு குடித்து முடித்துத் தலையை உதறியது. அவருக்குக் கண் கலங்கியது. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"என்னட்டைத் தராதையும். வைச்சுப் பாத்துக்கொண்டிருக்க என்னாலை ஏலாது. நீர் போடும்" என்றார்.

உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தேன். உமக்கு இல்லாதது இடப்பக்கம், எனக்கு வலப்பக்கம். நீர் இடப்பக்கத்தில் கண்ணிகளைக் குறைத்து ஒடுக்கிப் பின்னியிருந்தீர். எனக்கு அது இடப்பக்கம் இறுக்கி, வலப்பக்கம் தொங்கியது. கழற்றி, உட்புறத்தை வெளியே திருப்பிப் போட்டேன். ஒடுக்கிய பக்கம் வலப்பக்கத்துக்கு வந்து அளவாக இருந்தது. பின்னலின் கரடான பக்கம் வெளியே தெரிந்தது, மழமழப்பான பக்கம் என் தழும்பில் பட்டது. சால்வை போர்த்தாமல் முற்றத்துக்கு வந்தேன். தருமு அண்ணை ஒரு தரம் பார்த்தார், "ம்" என்றார், வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

சொல்லிவிட்டால் மனம் அடங்கும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. வள்ளத்தில் ஒரு பலகையிலிருந்து மற்றப் பலகைக்கு மாறி மாறி இருந்தேன். உமக்குச் செய்யாததை இனி எப்படிச் செய்வது? அதற்கு வழியில்லை என்பதுதான் என்னை உட்கார விடுகிறதில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் ஒரு செய்தி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மடத்துவெளிப் பிள்ளை ஒருத்தியைக் கண்டேன். மலர் என்று பெயர், முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். அந்த வெக்கையிலும் கழுத்துவரை மூடின சட்டை. கையைப் பக்கத்தில் வைக்காமல், அக்குளில் படாதபடி விலத்திப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அது எதற்கென்று எனக்குத் தெரியாதா? நான் போட்டிருந்த பின்னல் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா கையில்லாத சட்டை போட மாமி விடமாட்டா."

"மாமியோடை நான் கதைக்கிறன்" என்றேன். அவளுடைய மாமி யார், எப்படிப்பட்டவ, ஒன்றும் தெரியாது. அங்கேயே ஒரு நூல் துண்டால் அளவெடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஊசியில் கண்ணி ஏற்றினேன். இரண்டு தரம் உருவினேன், மூன்றாம் தரம் உருவவில்லை. இப்போது அக்குள்வரை வந்திருக்கிறது. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி மடத்துவெளிக்குப் போகிறேன். அந்த மாமி கதவைச் சாத்தலாம், என்னை ஏசலாம், நீ யார் கேட்க என்று கேட்கலாம். பயம் வரும், எனக்குத் தெரியும். வந்தாலும் நான் வாய் மூடமாட்டேன் மச்சாள். அந்தப் பிள்ளை என் கண் முன்னால் அதைப் போட்டுக்கொண்டு வெளியே வரும்வரை அந்த வாசலை விட்டு நகரமாட்டேன். இது உமக்கு நான் தருகிற வாக்கு.

உமக்குச் சொந்தமில்லாத, உம்முடைய ஒரே மச்சாள்,
ரீற்றா
கரம்பொன்