யாரிடமிருந்து வந்த மெட்டு

என் குருவிக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மழை விட்டபாடில்லை, உருளைக்கிழங்குப் பாத்தியெல்லாம் தண்ணீர். அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் பக்கத்துப் பண்ணைக்காரர்களே ஆடுகளை மலைக்கு ஓட்டிப் போனார்கள். எனக்கு நோய் ஒன்றுமில்லை, அசதிதான். தூங்கி எழுந்தாலும் போகாத அசதி.

உன் பிடிலை அப்பா அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். நீ வந்த பஸ் பனியில் சறுக்கிக் கவிழ்ந்த அன்று, அது மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. அதை அவரால் மன்னிக்க முடியவில்லை.

போன மாதம் உன் கூட்டாளி யோருன் வந்தாள். கோடைத் திருவிழாப் போட்டிக்கு வானொலிக்காரர்கள் பதிவுப் பெட்டியோடு வருகிறார்களாம். நீ கடைசியாகப் போட்ட மெட்டை அங்கே உன் பிடிலில் வாசிக்க வேண்டும் என்றாள். முதல் இரண்டு பகுதிகளை உன்னிடமே கற்றிருக்கிறாள். மூன்றாவதை நீ வெளியில் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. உன் அறையில் அதை இழைத்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் கேட்டதுதான். என்னைப் பாடிக் காட்டச் சொன்னாள். அப்பா, "அவளோட போச்சு, விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

நான் பாடினேன். மாதாகோவிலில்கூட வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறவள் நான். யோருன் சிரித்துவிட்டாள். "அத்தை, மூக்கால பாடாதீங்க, கெடா ஆடு கத்துற மாதிரி இருக்கு" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த பிறகு வெட்கமாயிருந்தது.

எல்லாம் வந்தது, கடைசி வரி வரைக்கும். அங்கே நின்றுவிட்டேன். மேலே ஏறி முடியுமா, கீழே இறங்கி முடியுமா? ஏற்றிப் பார்த்தால் அதுவும் நீதான். இறக்கிப் பார்த்தால் அதுவும் நீதான். பெட்டியில் பதிந்துவிட்டால் இனி ஊரே அப்படித்தான் வாசிக்கும். நான் பிசகினால் என் பிசகு உன் பெயரில் நிலைத்துவிடும் என்ற பயத்தில் ஒரு வாரம் அந்த வரியையே ஏற்றியும் இறக்கியும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பச்சை அட்டைப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. நான் கம்பளி சிக்கெடுக்கும்போது நீ வாசித்துக் காட்டுவாயே, புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல், சாயங்காலமானால் லாந்தரோடு படகுத்துறைக்குப் போய் நிற்கும் பெண்ணின் கதை. அதிலிருந்துதான் இந்த மெட்டு பிறந்தது. முதல் பகுதி அவள் நடை, இரண்டாவது அலை என்றாய். அந்த நடையில் வரும் நொண்டலை அக்கரையில் பிடில் வாசிக்கும் சிவெர்ட்டிடமிருந்து எடுத்ததாகச் சொன்னாய். குடித்திருந்தால் அந்த ஆள் வில்லை அப்படித்தான் இழுப்பார். அடுத்தவன் சரக்கை எடுப்பது களவில்லையா என்று நான் திட்டினேன். "பேரைச் சொல்லி எடுத்தா களவு இல்லம்மா. சொல்லாம எடுத்தாத்தான் களவு" என்றாய்.

கதை முடியுமுன்னே நான் தூங்கிவிட்டேன் அல்லவா, அதனால் யோருனை முடிவைப் படிக்கச் சொன்னேன். அந்தப் பெண் ஒருநாள் லாந்தரை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாளாம். அப்படியானால் மெட்டும் இறங்கட்டும் என்றாள் யோருன்.

ஆனால் அன்று நீ புத்தகத்தை மேஜையில் அடித்த சத்தத்தில்தான் நான் விழித்தேன். "எழுதினவருக்குக் காத்திருக்கத் தெரியலம்மா. நான் அவளை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றாய். அதை நம்பி, ஏற்றியே முடிக்கச் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகும் நீ பல நாள் அந்த வரியை மாற்றி மாற்றி வாசித்தாய் என்பதை யோருனிடம் சொல்லவில்லை.

போட்டியன்று காலையில் அலமாரிச் சாவி சமையல் மேஜையில் இருந்தது. 

யோருன் மேடையேறினாள். யாரிடமிருந்து வந்த மெட்டு என்று சொல்லாமல் இங்கே யாரும் வில்லைத் தொடமாட்டார்கள், உனக்குத் தெரியாததா. உன் பெயரைச் சொல்வாள் என்று கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "போர்கில்டிடமிருந்து. அவருக்கு, அவர் மகள் ராக்னாவிடமிருந்து" என்றாள். என் பெயரைக் கேட்டதும் எனக்கு முகம் எரிந்தது. மற்ற வீடுகளில் தாயிடமிருந்து மகளுக்கு என்பார்கள், எனக்குத் தலைகீழாக வந்திருக்கிறது. பிறகு நீ வாசித்தாய். யோருன்தான் வாசித்தாள், எனக்கு அப்படி இருந்தது.

இறங்கி வந்ததும் அவளைத் திட்டினேன். வில் பிடிக்கத் தெரியாதவள் பெயரை ஏன் சொன்னாய் என்று கேட்டேன். "மூணாம் பகுதி உங்க வாயிலேருந்துதானே எனக்கு வந்துச்சு அத்தை? மறைச்சா ராக்னாவே வந்து என்னை உதைப்பா" என்றாள்.

படகில் திரும்பும்போது அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் துறை வந்ததும், "அந்தக் கடைசி வரி, எனக்கென்னவோ இறங்கினதாத்தான் ஞாபகம்" என்றார். அவ்வளவுதான். நீ வாசித்ததை ஆட்டுக் கொட்டகையில் இருந்துகொண்டு இந்த மனிதரும் கேட்டிருக்கிறார், குருவி. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை.

பிடிலை யோருனிடமே விட்டுவைத்திருக்கிறோம். வாசிக்காமல் கிடந்தால் தொண்டை கட்டிவிடும் என்றாள். கோபித்துக்கொள்ளாதே. அடுத்து அவள் பிடிலோடு வரும்போது இந்தக் கடிதத்தை அதன் பெட்டிக்குள் வைக்கிறேன். எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ இருக்குமிடத்தில் குளிர் இல்லாமல் இருக்கட்டும். கைக்கு இதமாக ஒரு அடுப்பு எரியட்டும்.

அன்பும் ஆசியும்,
உன் அம்மா போர்கில்ட்

அவளைப் போல நின்று நின்று எனக்கும் கால் கடுக்கிறது, அதனால் கேட்கிறேன். கடைசியில் அந்தப் பெண்ணை நீ வீட்டுக்குப் போக விட்டாயா, குருவி?