சாமி இல்லாத கோயிலுக்குக் காவல்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட முழங்கால் வீக்கம் வத்திட்டுதோ? போனிலை கதைச்சா உங்களுக்குக் காது கேக்காது, அதாலைதான் எழுதிறன். எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேலை மாறிட்டன். இப்ப ஒரு மியூசியத்திலை செக்யூரிட்டி. சீனாவிலை ஒரு கிராமத்துப் பழங்கோயிலைக் கழட்டிக் கொண்டுவந்து, இஞ்சை திருப்பிப் பொருத்தி வைச்சிருக்கினம். ஆணியே இல்லை. மரத்துக்குள்ளை மரத்தைக் கொழுவித்தான் அந்த வளைஞ்ச கூரை நிக்குது. வாசலுக்குக் குறுக்கை முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்படி. முதல்நாள் பழக்கத்திலை அதைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினன், அலாரம் அடிச்சிட்டுது. காவல்காரனே தொடுறான் எண்டு எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன்.

நேற்று ஒரு சீனத்து அம்மா வந்தா. படியிலை மிதிக்காமல் காலைத் தூக்கி உள்ளுக்கு வைச்சு, வெறும் பீடத்திலை ஒரு தோடம்பழத்தை வைச்சுக் குனிஞ்சு கும்பிட்டா. சாமியை முந்தியே ஆரோ ஏலத்திலை எடுத்திட்டினமாம். நான் போய்ப் பழத்தை எடுத்து அவவின்ரை கையிலை குடுத்து, வெளியிலை போகச் சொன்னன். உங்கட வயசுதான் இருக்கும். திரும்பவும் படியை மிதிக்காமல் காலைத் தூக்கி வைச்சுப் போயிட்டா.

மாமி வரேக்கை கொஞ்சம் திருநீறு குடுத்துவிடுங்கோ. பூசிக்கொண்டு வேலைக்குப் போக ஏலாது, அறையிலை இருக்கட்டும். ஷிப்டுக்கு நேரமாச்சு, நிப்பாட்டிறன்.

கோயிலுக்குப் போறனியோ எண்டு ஒவ்வொரு கடிதத்திலையும் கேக்கிறியள். ஓம் அம்மா, நாள்முழுக்கக் கோயிலுக்குள்ளைதான் நிக்கிறன். கும்பிட வாற ஆக்களைத் தடுக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

உங்கட மகன்
துவாரகன்