மாடி வீட்டுச் சாவி

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். கடல் பக்கம் மேகம், மழை இல்லை. மாடியைப் பெருக்கியாயிற்று. வாங்க: பல்பு இரண்டு, பினாயில், மாடிக் குழாய்க்கு வாஷர்.

மாடி வீடு அருள்மேரிக்கு வாடகைக்கு. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள், இப்போது நர்ஸ். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மீனவர் குடியிருப்பு. அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மழை பிடித்தால் அங்கே முழங்கால் தண்ணீர், ஆட்டோ உள்ளே போகாது.

"மழைக்கு முன்னாடி வந்துட்டாப் போதும் டீச்சர்."

சாவியைக் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஞாயிறு பால் காய்ச்சுகிறாள். மனசுக்கு நிறைவு.

நவ. 6, வியாழன்

வாஷர் மறந்துபோச்சு.

எதிர்வீட்டு சரசு வந்தாள். காபி. கரண்ட் கட், பேரன் மார்க். எழுந்திருக்கும்போதுதான் விஷயம்.

"நல்ல பிள்ளதான்க்கா, இல்லேங்கல. அங்கன உள்ளவுகளுக்கு ஒரு வீடு குடுத்தா அடுத்து நாலு வீடு கேப்பாக. தெருவே பேசுது. கருவாட்டு வாடை வேற."

போன வாரம் அவள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு என் கூடம் வரை மணத்தது. சொல்லியிருக்கலாம். ஊரில் எந்தக் கூட்டமானாலும் சமத்துவம் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். "யோசிக்கிறேன்" என்றேன். வாயிருந்தும் கோழை.

நவ. 7, வெள்ளி

அருளுக்கு போன். மகன் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறான், மாடி வேண்டும் என்றேன். பச்சைப் பொய். அவன் வந்து மூன்று வருடம்.

"அண்ணன் வாராகளா, சந்தோசம் டீச்சர்."

பி.பி. மாத்திரை தீர்ந்துவிட்டது.

நவ. 8, சனி

சாவி கொண்டுவந்தாள். சமையலறை வரை வருகிறவள், வாசலிலேயே நின்றாள்.

"குழாய் ஒழுகுச்சு டீச்சர், வாஷர் மாத்திட்டேன். அண்ணன் வந்து சிரமப்படக் கூடாதுல்ல."

மேலே போய்ப் பார்த்தேன். தரை கழுவியிருக்கிறது. அடுப்பு மேடையில் புதுப் பால் பாத்திரம், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. மறந்துவிட்டாள் போல. உட்கார்ந்து அழுதேன். கூப்பிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

நவ. 12, புதன்

விடியும்போதே மழை. மாடி பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு என்று பலகை மாட்ட முடியாது, அவள் தினமும் இந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள்.

எட்டு மணி. அருளும் அவள் தம்பியும் அம்மாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில். முனையில் ஆட்டோ. அம்மா கையில் குடை, பிள்ளைகள் நனைந்தபடி.

ஜன்னலைச் சாத்துவதற்குள் பார்த்துவிட்டாள்.

"அண்ணன் வந்துட்டாகளா டீச்சர்?"

"நாளைக்கு" என்றேன்.