கூரைத் துவாரத்தில் இரண்டு காலுறைகள்

பிரான்ஸ்டன் படகுத்துறை,
15 ஜனவரி 1987

அன்பு மகள் ரோவெனாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். கால்வாய் ஒரு வாரமாக உறைந்து கிடக்கிறது, நம் படகுவீட்டை ஓரடிகூட நகர்த்த முடியவில்லை. போன மாதம் உன்னோடு சண்டை போட்டுவிட்டு வந்ததை மனதில் வைத்து இதைக் கிழித்துப் போடாதே. முழுக்கப் படி.

பக்கத்துப் படகு ஆர்னால்ட் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டான். அன்று காலை அவன் புகைபோக்கியில் புகை வந்துகொண்டுதான் இருந்தது. நம் வழக்கம் உனக்குத் தெரியுமே, புகை வந்தால் ஆள் நலம், கதவைத் தட்ட மாட்டோம். "பாரேன், சோம்பேறி நமக்கு முந்தி அடுப்பைக் கிளறிட்டான்" என்று அம்மாவிடம் கேலிகூடச் செய்தேன். பதினோரு மணித் தேநீருக்கு வரவில்லையே என்றுதான் போய்ப் பார்த்தேன். கம்பளிக்குள் கன்னம் சிவக்கப் படுத்திருந்தான். தூங்குகிறான் என்றே உலுக்கி உலுக்கி எழுப்பினேன், பாவி நான்.

தீயணைப்பு அதிகாரி சொன்னார்: "புகை கசியாம இருக்க அடுப்புக் கதவைச் சுத்தி வைக்கிற கயிறு தேஞ்சுபோச்சு, விஷவாயு கசிஞ்சிருக்கு. கூரைத் துவாரம் திறந்திருந்தா மனுஷன் பிழைச்சிருப்பார். இதை யாருங்க அடைச்சது?" அவர் கையில் இரண்டு சாம்பல் நிறக் காலுறைகள். உன் அம்மா பின்னியவை. நவம்பரில் "குளிர் கொல்லுதுடா வில்ஃப்" என்று அவன் புலம்பியபோது அடைத்தவன் நான்தான். அதிகாரியிடம் வாயைத் திறக்கவில்லை. நாளை விசாரணையில் சொல்லிவிடுவேன்.

போன மாதம் உன் படகிலும் காலுறைகளை வைத்து அதைத்தானே செய்தேன்! நீ பிடுங்கி எறிந்து, "அடுப்பு எரிஞ்சா காத்து வேணும்பா, குழந்தை வேற இருக்கு" என்றாய். "முப்பது வருஷமா படகுல கிடக்கிறேன், எனக்கே பாடம் சொல்றியா?" என்று கத்திவிட்டு, மறுபடி குச்சியால் குத்தி அடைத்துவிட்டு வந்தேன். நான் கிளம்பியதும் நீ எடுத்திருப்பாய். உன் பிடிவாதத்தை எத்தனை திட்டியிருக்கிறேன், இன்று அதைத்தான் நம்பியிருக்கிறேன்.

காலையில் உங்கள் மதகருகே இருக்கும் கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "ரெண்டு நாளா அவங்களைப் பார்க்கல, ஆனா படகுல புகை வருது, நல்லாத்தான் இருப்பாங்க" என்றாள் கடைக்காரி. ஓடிப்போய்க் கதவைத் தட்டு என்று கத்தினேன். பனியில் ரயிலும் இல்லை. மாலையில் மறுபடி கூப்பிடும்வரை சும்மா உட்கார முடியாமல்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதுதான் சரி, மகளே. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹெட்டியும் நூறு குளிர்காலம் காண வேண்டும். பதில் எழுத மனமில்லாவிட்டால் வேண்டாம். உன் கூரையில் நான் அடைத்த அந்தக் காலுறைகளை மட்டும் தபாலில் எனக்கு அனுப்பிவிடு.

உன் அப்பா,
வில்ஃப்