ஸஹனில் உம்மாவின் பங்கு

யட்டவத்த,
வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு.

அன்பு மகள் ஆதிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். உன்னையும் மருமகன் ஹுஸ்னியையும் உன் வயிற்றில் வளரும் பிள்ளையையும் அவன் அதே சுகத்தோடு வைத்திருப்பான் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் சாச்சாவின் மகன் இப்திகார் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லலாமே வாப்பா என்பாய். போனில் நான் வாய் திறந்தால் உம்மா வந்து, எனக்கு ஒண்டும் இல்ல என்று சொல்லிப் போனை வாங்கிக்கொண்டு உன் கால் வீங்குகிறதா, நேரத்துக்குத் தூங்குகிறாயா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார். பித்தப்பையில் கல் இருந்தது, ஒபரேஷன் நடந்தது என்று துண்டு துண்டாகத்தான் உனக்குத் தெரியும். நடந்ததை நீ வரிசையாக அறிய வேண்டும். உன் உம்மா இந்த மாதங்களில் செய்ததை எனக்கு யாரிடமாவது வாய் நிறையச் சொல்லவும் வேண்டும். மிளகுக் கடையில் சொன்னால், ஸக்கரியா நானா மிளகை விட்டுவிட்டுப் பொஞ்சாதியை நிறுக்கத் தொடங்கிவிட்டார் என்று சிரிப்பார்கள்.

எல்லாம் நோன்பு மாதத்தில் தொடங்கியது. நோன்பு திறந்து பள்ளிவாசல் கஞ்சி குடித்துக் கொஞ்ச நேரத்தில் வலது பக்க விலாவுக்குக் கீழே பிடிக்கிறது, அங்கிருந்து முதுகுப் பக்கமாகத் தோள்பட்டைக்கு ஏறுகிறது என்றார். நானும் உன் உம்மு குல்தூம் மாமியும் பார்மசிக்காரரும் சொன்னது ஒன்றுதான், கெஸ்ட்ரைட்டிஸ். மாத்திரை வாங்கினோம். நம் பக்கத்தில் வயிறு எரிந்தால் தேங்காய்ப்பால்தான் கைமருந்து என்பது உனக்குத் தெரியும், பரீட்சைக் காலத்தில் உனக்கு வயிறு நொந்தபோதும் சொதிதான் கொடுத்தோம். மாமி அவருடைய வீட்டிலிருந்து முதற்பால் விட்ட சொதியை மூடி போட்ட கோப்பையில் கொண்டுவந்து, மச்சி இதக் குடிச்சிட்டுப் படுங்க, வயிறு குளிர்ந்து போகும் என்று பக்கத்தில் இருந்து குடிக்க வைப்பார். வலி கூடும். வலி கூடினால் அடுத்த நாள் இன்னும் கட்டியாகப் பால் பிழிவோம். பெருநாளுக்கு மறுநாள் ஒரு கோப்பை பாற்கஞ்சி குடித்தவர் அப்படியே வாந்தி எடுத்து, அலுமாரியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. திரீவீலில் ஏற்றிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த டொக்டர் விளக்கினார், ஈரல் சுரக்கும் பித்தம் ஒரு சின்னப் பையில் தங்குகிறது, கொழுப்பு உள்ளே போனால் அதைக் கரைப்பதற்காக அந்தப் பை சுருங்கிப் பித்தத்தைத் தள்ளுகிறது, உம்மாவின் பையில் கற்கள் இருப்பதால் தள்ளும்போது ஒன்று பையின் வாயில் வந்து அடைக்கிறது, அதுதான் வலி. தேங்காய்ப்பாலும் கொழுப்புத்தானே என்றார். நானும் மாமியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

கல் தானாகக் கரையாது, பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி ஒபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். உம்மா கேட்டது ஒரே கேள்வி. மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது, தலைப்பிள்ளை, அதற்குள் என்னால் பிளேனில் ஏற முடியுமா என்று சிங்களத்தில் கேட்டார். குறித்த தேதியில் ஒபரேஷன் நடந்தால் முடியும் என்றார் டொக்டர். அதற்குள் பை வீங்கிக் காய்ச்சல் வந்துவிட்டால் முதலில் அதை ஆற்ற வேண்டும், தேதி தள்ளும், பிள்ளையின் முகத்தை நீங்கள் போனில்தான் பார்ப்பீர்கள், பாதி என் கையில், பாதி உங்கள் குசினிச் சமையலில் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். உம்மா சிரிக்கவில்லை.

அடுத்த நாளிலிருந்து அவர் சாப்பிடுவதை விட்டுவிட்டார். பைக்கு வேலை கொடுத்தால்தானே அது சுருங்கும், பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பும் பாக்கி இருக்கிறது, பிடித்துவிட்டால் நன்மைக்கு நன்மை, பைக்கும் ஓய்வு என்றார். கேட்க எனக்கும் சரியாகத்தான் பட்டது. மாமி இன்னொரு பக்கம், எலுமிச்சம் புளியில் ஒலிவ் எண்ணெய் கலந்து வெறும் வயிற்றில் குடித்தால் கல் கழுவிக்கொண்டு போகும் என்று போனில் வந்த வீடியோவைக் காட்டினார். நல்லவேளை, எண்ணெயைக் குடிப்பதற்கு முன் கிளினிக் நாள் வந்தது. அங்கே போசணைப் பிரிவில் வாகினி என்று ஒரு பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பெற்றோர், மாத்தளையிலேயே பிறந்து படித்தவர், உன் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அம்மா உங்களை யார் பட்டினி கிடக்கச் சொன்னது என்று கேட்டார். நீண்ட நேரம் ஒன்றும் சாப்பிடாமல் இருந்தால் பித்தம் பையிலேயே தேங்கித் தடிக்கும், கல்லுக்கு அதுதான் வசதி, பிறகு ஒரேயடியாகச் சாப்பிட்டால் பை பலமாகச் சுருங்கும், நோன்பு மாதத்தில் உங்களுக்கு நடந்ததும் அதுதான், இந்த ஆறையும் ஒபரேஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எலுமிச்சை எண்ணெய்க் கதையைக் கேட்டுவிட்டு, அந்த வீடியோ போட்டவரிடமே ஒபரேஷனும் செய்யச் சொல்லுங்கள் என்றார். உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அன்றிலிருந்து அந்தப் பிள்ளை சொன்னதைத் தட்டவே இல்லை.

வாகினி சொன்னதில் எண்ணெயைக் குறைப்பது உம்மாவுக்குப் பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. தோல் உரித்த கோழியை அவித்தார், புளிப்புக்குக் கொறக்காய் போட்டு எண்ணெயும் பாலும் இல்லாமல் மீன் அம்புல்தியல் வைத்தார், பருப்பைத் தாளிக்காமல் மஞ்சளும் உள்ளியும் போட்டு இறக்கினார், வல்லாரைச் சுண்டலில் தேங்காய்ப்பூவை ஒரு சிட்டிகையாக்கினார். சிவப்பரிசிச் சோறு, பப்பாசி, கீரை என்று மேசையே மாறிவிட்டது. கஷ்டமாக இருந்தது நேரம். கொஞ்சம் கொஞ்சமாக, நேரம் தவறாமல் சாப்பிட வேண்டும் என்பது கட்டளை. உன் உம்மா கலியாணம் முடித்த நாளிலிருந்து எல்லோரும் சாப்பிட்டு எழும்பிய பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டவர், நீயும் பார்த்துத்தானே வளர்ந்தாய். நான் கடை பூட்டிவிட்டு வரும்வரை பகல் சோற்றைத் தொட மாட்டார், நான் எந்த நேரத்தில் வருவேன் என்று எனக்கே தெரியாது. கிளினிக்கிலிருந்து வந்த மறுநாள் நான் சாப்பாட்டுக்கு வந்தபோது உம்மாவின் சாப்பாட்டுப் பீங்கான் கழுவிக் கவிழ்த்திருந்தது. நான் திண்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க என்றார், ஏதோ தவறு செய்தவர் போல முந்தானையைச் சரிசெய்துகொண்டு. மகள், அன்று நான் சாப்பிட்ட பீங்கானை நானே கழுவிக் கவிழ்த்தேன். பிறகு நானும் கடையை நேரத்துக்குப் பூட்டத் தொடங்கினேன், இப்போது இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம்.

பெரிய சோதனை உம்மு குல்தூம் மாமியின் மகள் ஜெஸ்லாவின் கலியாணம். ஒபரேஷனுக்கு முந்திய வாரம் அது வந்தது. குடும்பத்தில் கலியாணம் என்றால் வட்டிலப்பம் உம்மாவின் கையால்தான். வேறு ஆள் பாருங்கள் என்று நான் சொன்னேன், மாட்டேன் என்றார். முதற்பாலும் முட்டையும் கித்துல் கருப்பட்டியும் அத்தனை சட்டிகளில் கலந்து அவித்தும் ஒரு துளி நாக்கில் வைக்கவில்லை. இனிப்புப் பார்க்க மணப்பெண்ணையே கூப்பிட்டுக் கரண்டியை நீட்டினாராம், ஜெஸ்லா மருதாணிக் கையோடு வாயைத் திறந்துகொண்டு நின்றதாக எல்லோரும் சிரிக்கிறார்கள். பெண்கள் பக்கத்தில் பிறகு நடந்ததை உன் ஸுலைஹா சாச்சி எனக்குச் சொன்னார், உம்மாவிடமும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டேன். ஆறு பேர் ஒரே ஸஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, பொரித்த கோழி, மாசிச் சம்பல். உம்மா ஒரு டப்பாவைத் திறந்து, தன் முன்னால் இருந்த நெய்ச்சோற்றை ஸுலைஹா சாச்சியின் பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் வீட்டிலிருந்து கொண்டுபோன சிவப்பரிசிச் சோற்றையும் அம்புல்தியலையும் வைத்தார். தனிப் பீங்கான் கேட்கவில்லை, எழும்பிப் போகவும் இல்லை, ஸஹனிலேயே தன் பங்கை மாற்றிக்கொண்டார். மாமி பார்த்துவிட்டார். என்ட மகள்ட கலியாணத்துல ஆஸ்பத்திரிச் சோறா மச்சி, ஒரு கை அள்ளினா மவுத்தா போயிடுவீங்க என்று நாலு பேர் கேட்கக் கேட்டார். ஸஹனில் ஒருவரும் கை வைக்கவில்லை, எல்லோரும் ஆயத்தமாகாமல் ஒருவர் மட்டும் தொடங்குவது நம்மிடம் இல்லையே. உம்மா தலை நிமிர்ந்து, மச்சி, உங்கட மகள்ட கலியாணத்துக்கு நான் வட்டிலப்பம் வெச்சேன், என்ட மகள்ட புள்ளயப் பார்க்க வெறுங்கையோட போனாலும் பரவால்ல, போகாம இருக்க ஏலாது, பிஸ்மி சொல்லுங்க என்றாராம். சொல்லிவிட்டு முதல் பிடியை அவரே எடுத்தார். உன் உம்மா சபையில் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை, அன்றும் கேட்கக் கொடுத்து வைக்கவில்லை, நான் ஆண்கள் பக்கத்தில் இரண்டாம் தடவை நெய்ச்சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கொலஸ்ட்ரோல் மாத்திரை குடிக்கும் ஸுலைஹா சாச்சி, ராத்தா எனக்கும் அந்த மீன்ல ஒரு துண்டு தாங்க என்று கையை நீட்டியிருக்கிறார், அவரைப் பார்த்து இன்னொருவர், கடைசியில் உம்மாவுக்கு மிஞ்சியது சோறும் புளியும்தான்.

ஒபரேஷன் குறித்த தேதியிலேயே நடந்தது. வயிற்றை வெட்டவில்லை, சிறிய துளைகள் போட்டுக் கமெரா விட்டு எடுத்தார்கள். கற்களைச் சின்னப் போத்தலில் போட்டுக் கையில் தந்தார்கள். எனக்குப் பார்த்தவுடனே, மழையில் நனைந்த மூன்றாம் தர மிளகு, யாரும் வாங்க மாட்டார்கள் என்று தோன்றியது, வார்ட்டிலேயே சொல்லிவிட்டேன். உம்மா சிரிக்கப் போய்த் தையல் இழுத்து என்னைத் திட்டினார். மாமி கலியாணத்துக்குப் பிறகு முகம் கொடுக்காமல் இருந்தவர், மூன்றாம் நாள் பிளாஸ்க்கோடு வந்து நின்றார். திறப்பதற்கு முன்பே, பால் விடல்ல மச்சி, சத்தியமா வெறும் கஞ்சி, வேணும்டா நானாவக் குடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க என்றார். நான் குடித்துப் பார்த்தேன், உப்பும் இருக்கவில்லை. உம்மா முழுவதையும் குடித்தார். நேற்றுக் கிளினிக்கில் காயம் நன்றாக ஆறிவிட்டது, பயணம் போகலாம் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். டிக்கட்டின் விபரம் ஹுஸ்னிக்கு அனுப்பியிருக்கிறேன்.

உம்மா அங்கே வந்த பிறகு நீ கவனிக்க வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். பை இல்லாவிட்டாலும் பித்தம் சுரந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் சேர்த்துவைக்க இடமில்லை, அதனால் கொழுப்பை மெதுவாகத்தான் திரும்பப் பழக்க வேண்டும், ஒரேயடியாகச் சாப்பிட்டால் வயிற்றால் போகும் என்று வாகினி சொன்னார். வந்த அன்று ஆசையில் புரியாணி வாங்கி வைக்காதே, நீ வைத்தால் உனக்காகச் சாப்பிட்டுவிடுவார், கலியாண வீட்டில் இருந்த வைராக்கியம் உன் முன்னால் இருக்காது. ஹுஸ்னி வேலை முடிந்து வரும்வரை அவரைச் சாப்பாட்டுக்குக் காக்க வைக்காதே, மருமகன் முன்னால் முதலில் சாப்பிட வெட்கப்படுவார், நீ கூட உட்கார். உனக்கும் சொல்கிறேன், பிள்ளைத்தாச்சிகளுக்கும் இந்தக் கல் வருவது உண்டாம். சாப்பிட்ட பிறகு நெஞ்செரிச்சல் என்று போன கிழமை சொன்னாய். அது சாதாரணமாகவே இருக்கலாம், ஆனாலும் உன் டொக்டரிடம் வாயைத் திறந்து சொல், எங்களைப் போல நீயே பெயர் வைத்துக்கொள்ளாதே.

அல்லாஹ் உனக்கு லேசான பிரசவத்தையும் ஸாலிஹான, நல்ல குணமுள்ள பிள்ளையையும் தரட்டும், ஹுஸ்னியின் தொழிலில் பரக்கத் செய்யட்டும். ஒவ்வொரு தொழுகையிலும் உங்கள் பெயர் என் துஆவில் இருக்கிறது. கடைசியாக ஒரு ஞாபகம், தோஹா எயார்போட்டில் உம்மாவுக்கு வீல்செயார் சொல்லி வைத்திருக்கிறாயாம், அதை நிறுத்திவிடு. புள்ள பார்க்கப் போறவளத் தள்ளிக்கிட்டா போற என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அவர் நடந்து வருவார், நீ வாசலில் நின்றால் போதும்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
ஸக்கரியா.