கட்டில் காலுக்கு வைத்த சிரட்டை

2003 ஆவணி, வெள்ளிக்கிழமை

என் குஞ்சு, அந்த எறும்பு ஏன் வந்தது என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மணி அக்காவுக்குத் துணையாகக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே நின்ற நர்ஸ் மிஸ்ஸி அவவிடம், "சலம், மூத்திரம் போற இடத்திலை எறும்பு மொய்க்கிறதோ?" என்று கேட்டா.

அக்கா சிரித்தா. "ஓம் மிஸ்ஸி. நான் இனிப்பெண்டு எறும்புக்குத் தெரியுது, என்ரை மனுசனுக்குத்தான் விளங்கேல்லை."

"பகிடி இல்லை அக்கா. சலத்திலை சீனி போனால்தான் எறும்பு வரும். சலரோகம், அதுதான் நீரிழிவு. சின்னப் பிள்ளையளுக்கும் வரும். தண்ணி தண்ணியெண்டு குடிக்குங்கள், படுக்கையை நனைக்குங்கள், மெலிஞ்சு போகுங்கள். கவனியாட்டி உயிருக்கே ஆபத்து."

மணி அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எட்டு வயதில் நீ படுக்கையை நனைக்கத் தொடங்கினாய். விடிந்தால் எறும்பு. கட்டில் கால் நாலுக்கும் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். சுவரோரம் மண்ணெண்ணெய் பூசினேன். பிறகும் நீ கழற்றிப் போட்ட பாவாடையைத் தேடி வந்தது.

"சீனியைக் களவெடுத்துக்கொண்டு படுக்கிறியோடி?" என்று பூவரசந் தடியால் அடித்தேன். முதலில் இல்லை என்றாய். இன்னும் இரண்டு அடி விழ, "ஓம் அம்மா, எடுத்தனான், அடிக்காதேங்கோ" என்றாய். நான் சீனிப் போத்தலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடித்த பத்தாம் நாள், ஆசுபத்திரிக்கென்று குறிகட்டுவான் துறைக்குக் கொண்டுபோகிற வள்ளத்தில், என் மடியிலேயே போய்விட்டாய். காய்ச்சல் என்றுதான் எல்லாருக்கும் சொன்னேன்.

குஞ்சு, எடுக்காத சீனியை எடுத்ததாகச் சொன்னபோது, அம்மா அதை நம்புவாள் என்று நினைத்தாயா?