மூன்று மணி வரை காத்திருந்த அக்காவுக்கு

என் ஆசைச் சண்டைக்கார அக்காவுக்கு,

வந்துவிட்டேன். மஸ்கட்டுக்கு ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, விசாவைக் கேன்சல் செய்து, கம்பெனி நீட்டிய கடைசிக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். பதினேழு வருஷமாக "இந்த வருஷம் முடிச்சுட்டு வாரேன், அடுத்த வருஷம் முடிச்சுட்டு வாரேன்" என்று உன்னிடம் சொன்ன பொய்களில் ஒன்று கடைசியில் நிஜமாகிவிட்டது. நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். பாஸ்போர்ட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருப்பாய்.

இதை ஊரறிய எழுதுகிறேன். ஏனென்றால் சேலைக் கதை ஊருக்கே தெரியும். நம் சொந்தத்தில் எந்த வீட்டு விசேஷமானாலும் பந்தியில் உட்கார்ந்து யாராவது அதை எடுத்துவிடுகிறார்களாம். என் வீட்டுக்காரி செல்வராணிதான் சொன்னாள். பேசட்டும். அரைகுறையாகப் பேசுவதற்கு, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

நீ போய்விட்டாய் என்று மச்சான் போன் செய்தபோது மஸ்கட்டில் இன்னும் விடியவில்லை. உன் வீட்டுக்காரர் எப்போதும் அளந்துதான் பேசுவார், அன்று ஒரே வரிதான் பேசினார். என் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. வர நாலு நாள் ஆகும் என்றார்கள். கெஞ்சினேன், கத்தினேன், ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை.

கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து அதைப் போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அப்பாவும் அம்மாவும் போய்விட்ட நம் வீட்டில் அந்தக் கோடி என் கடமை. "அறந்தாங்கியிலயே நல்ல சேலையா எடுத்துக்கிட்டு வெரசாப் போயிர்றேங்க" என்றாள் செல்வராணி. நான் கேட்கவில்லை. என் அக்காவுக்குப் பட்டுதான், புதுக்கோட்டையில் பெரிய கடையாகப் பார்த்துப் போ என்றேன். கடை திறக்கவே பத்து மணி. வீடியோ காலில் ஒவ்வொரு சேலையாக விரிக்கச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றில் ஜரிகை போதாது என்றேன், ஒன்றில் நிறம் சரியில்லை என்றேன். கல்யாணப் பெண்ணுக்கு எடுப்பது போல மூன்று சேலையைக் கழித்தேன். சேலை முடிந்ததும் மாலை இப்படி இருக்க வேண்டும், தட்டு இத்தனை வேண்டும் என்று அடுக்கினேன்.

நடுவில் மச்சான் இரண்டு தடவை கூப்பிட்டார். "மாப்ள, வெயில் ஏறுது. சனமெல்லாம் ஒக்காந்திருக்கு" என்றார். இரண்டு தடவையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான்: "இன்னும் அரை மணி நேரம் மச்சான்." சித்திரை மாசம். உன்னை எடுக்கும்போது மூன்று மணி.

வாழ்நாள் முழுக்க நூல் சேலை கட்டியவள் நீ. கல்யாண வீட்டில்கூடப் பட்டு கசகசக்கிறது என்று பந்தி முடிவதற்குள் மாற்றிக்கொள்வாய். அது எனக்குத் தெரியாதா? தெரியும். நேரில் வர முடியாத குற்றத்தைப் பட்டுப் போட்டு மூடப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அன்றைக்கு நின்ற பேச்சுதான். மச்சான் பத்து மாசமாக என்னோடு பேசவில்லை. உன் மகள் காவியாவிடம் பேசும்போது பின்னால் அவர் செருமுவது கேட்கும். அப்பாவிடம் கொடு என்றால், "பக்கத்துலதான் இருக்காரு மாமா. பேச மாட்டாராம்" என்று உள்ளதை உள்ளபடி போட்டு உடைப்பாள். அப்படியே உன் வாய்.

அந்த வருத்தத்தில் வேலையை விட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது பாதிதான். இனி நம் குடும்பத்தில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் நான் ஒரு போனாகத்தான் அங்கே இருக்கப் போகிறேன் என்பது ஒரு நாள் மத்தியானம், வேலைக்கு நடுவில், மொட்டை மாடியில் நிற்கும்போது தெளிவாகத் தெரிந்தது. அன்றே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எனக்கு மனசு பின்வாங்கவில்லை. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைக்கு இடம் பேசியாகிவிட்டது. மஸ்கட் வெயிலிலேயே ஏசி மாட்டி ஆளைக் குளிர வைத்தவன், நம்ம ஊரில் பிழைக்க மாட்டேனா?

ரூமில் இருந்த பயல்கள் என் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி, நாலு பக்கமும் பெயரையும் ஊரையும் எழுதினார்கள். ஊர்ப் பெயருக்குக் கீழே ஒருவன் 'ஒன் வே' என்று பெரிதாக எழுதி வைத்தான். எழுதிவிட்டு அவனே அழுதான்.

கிளம்பும் முன்னால் செல்வராணி போனில் கறாராகச் சொன்னாள். "நேரா வீட்டுக்கு வந்துருங்க. குளிச்சுச் சாப்ட்டு, நாளு கெழமை பாத்து, ரெண்டு பேருமா துக்கத்துக்குப் போவோம். வெளிநாட்டுலேர்ந்து வார மனுசன் பெட்டி படுக்கையோட துக்க வீட்டுக்குப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு ஏற்கெனவே சொல்லிக்கிட்டுத்தான இருக்காங்க" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வேன் வேண்டாம், யாரும் கூப்பிட வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திருச்சி ஏர்போர்ட்டை விட்டு வெளியே வந்தால் புதுக்கோட்டை ரோடு. பஸ்ஸை நிறுத்தி ஏறினேன். "அண்ணே, பெட்டிய வழியில வைக்காதீங்க, கடைசி சீட்டுக்குத் தள்ளுங்க" என்றார் கண்டக்டர். பெட்டியோடு நானும் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். கீரனூரில் ஏறிய ஒரு அம்மா பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லீவுல வாரீங்களா தம்பி? எத்தன மாசம்?"

"முடிச்சுட்டு வந்துட்டேங்க."

"வேலையில எதும் பிரச்சினையா?"

"இல்லங்க. நானாத்தான் விட்டுட்டு வந்தேன்."

அந்த அம்மா கிட்டே சாய்ந்தார். "சம்சாரத்துக்குத் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

திருக்கோகர்ணத்தில் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு உன் தெருவுக்கு நடந்தேன். மச்சான் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தார். 'வா' என்று சொல்லவில்லை. துக்கம் கேட்க முதல் தடவை வருகிறவரை யாரும் 'வா' என்று கூப்பிட மாட்டார்கள், அது முறை. ஆனால் அவர் முறைக்காகச் சொல்லவில்லையா, கோபத்தில் சொல்லவில்லையா? பஸ்ஸில் ஏறியதிலிருந்து இருந்த தைரியமெல்லாம் அந்த கேட்டில் கை வைத்தபோது கொஞ்சம் ஆடியது. பெட்டியைத் தெருவிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

உன் போட்டோ முன்னால் நின்றேன். காவியா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். என்ன பேசுவது என்று விமானத்தில் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. திரும்பினால் மச்சான் நிலைப்படியில் நிற்கிறார்.

"தப்பு எம்மேலதான் மச்சான். அன்னைக்கு அக்காவ அம்புட்டு நேரம் போட்டு வச்சது நான்தான். செல்வராணி மேல ஒரு தப்பும் இல்ல."

 அவர் மெதுவாகச் சொன்னார். "சேலைய எடுத்துக்கிட்டு நீ வாரேன்னு சொல்லியிருந்தா, மறுநாள் வரைக்கும்கூட வச்சிருந்திருப்பேன் மாப்ள. சேலை மட்டும்தான வந்துச்சு."

அக்கா, அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.  தெரிந்த ஒன்றைத்தான் சொன்னேன்.

"இப்ப நான் வந்துட்டேன் மச்சான். கேன்சல்ல வந்துட்டேன். இனிமே போகல."

அவர் என்னையே பார்த்தார். அப்புறம் திரும்பி வெளியே பார்த்தார். "பெட்டிய ஏன்டா தெருவுல போட்டுட்டு வந்திருக்க? எடுத்து உள்ள வை" என்றார். நான் எடுப்பதற்குள் அவரே போய் ஒரு பக்கம் பிடித்தார். 'ஒன் வே' என்று எழுதியிருந்ததைப் படித்தார். கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

காவியா சோறு போட்டாள். ரசம் உன் கை மாதிரி இல்லை, சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டேன். மச்சானே செல்வராணிக்குப் போன் போட்டார். "தங்கச்சி, மாப்ள இங்கதான் இருக்கான். சாப்பிடுறான். சாயந்தரம் அனுப்பி வைக்கிறேன்." பத்து மாசத்துக்குப் பிறகு அவர் குரலைக் கேட்ட செல்வராணி அந்தப் பக்கம் அழுதாள் போலிருக்கிறது. "அழுகாதத்தா" என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வெயில் தாழ்ந்ததும் நானும் பேசாமல் எழுந்து செருப்பை மாட்டினேன். மச்சான்தான் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஞாயித்துக்கெழம காவியாவப் பொண்ணு பாக்க வாராங்க. வருசம் திரும்புறதுக்குள்ள முடிச்சிரலாம்னு பாக்குறோம். தாய்மாமன் நீதான் எதிர்ல ஒக்காந்து பேசணும்."

உன் மகள் உள்ளே இருந்து, "எனக்குப் புடிச்சாத்தான்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் ஏற்கெனவே பிடித்துவிட்டது மாதிரிதான் தெரிகிறது. விசாரித்து எழுதுகிறேன்.

அவர்கள் பத்து மணிக்கு வருகிறார்கள். நானும் செல்வராணியும் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவோம். நாற்காலி போடுவதிலிருந்து வாசலில் நின்று கூப்பிடுவது வரை எல்லாம் நான். அதற்குப் பிறகு கல்யாணம், வளைகாப்பு, உன் பேரப்பிள்ளைக்குக் காது குத்து, எதுவானாலும் மாமன் மடி அங்கே இருக்கும். உன் வீட்டில் இனி யாரும் எனக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை அக்கா.

பிறந்த வீடென்று உனக்கு மிச்சமிருக்கும்
உன் தம்பி,
சேகர்